உணவக ஆங்கிலம் படிப்பிக்க யோசனை தேவை

வணக்கம். கிளிநொச்சியில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) முடித்த பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அடுத்தது உணவகப் பாடம். புத்தகத்தில் ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், டெசர்ட் என்று வரிசையாக வருகிறது. ஏ9 வீதிக் கடையில் வடையும் ரோல்ஸும் தட்டோடு மேசைக்கு வரும், தின்றதற்குத்தான் கணக்கு. அங்கே எங்கே மெனு!

'கிவ் மீ' என்பவர்களை 'குட் ஐ ஹாவ்' என்று கேட்கப் பழக்குவது பரவாயில்லை, நடித்துப் பார்த்தால் வந்துவிடும். ஸ்டேக் என்ற இறைச்சித் துண்டு ரெயாரா (அரைவேக்காடா), வெல் டன்னா (நன்றாக வெந்ததா) என்பதை எப்படி விளங்கப்படுத்துவது? இறைச்சியைப் பாதி வேக்காட்டில் தின்பார்களா என்று சிரிப்பார்கள்.

ஒவ்வாமை இருந்தால் சொல்வதும், பிழையான சாப்பாடு வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவதும்தான் எனக்கு முக்கியம். கொத்து ரொட்டிக் கடையை வைத்து எழுதிய உரையாடல், மெனு அட்டை யாரிடமாவது இருந்தால் தாருங்கள். பிரிண்ட் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும், வகுப்பில் புரொஜெக்டர் இல்லை.