டிக்கெட் இருந்தும் வித்தவுட்

தாம்பரத்தான்:
பத்து வருஷம் தாம்பரம் – பீச் லைனில் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் நான். ஒரு நாள்கூட வித்தவுட்டில் ஏறியதில்லை. பெர்லினில் வந்திறங்கிய மூணாம் நாளே மானம் கப்பலேறியது.

அங்கே உ-பான் என்கிற பாதாள ரயிலுக்கு கேட் கிடையாது. படியிறங்கி, பிளாட்பாரத்து மெஷினில் டிக்கெட் எடுத்து ஏற வேண்டியதுதான். நானும் எடுத்து, மடங்கிவிடக் கூடாதென்று பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஹெர்மன்பிளாட்ஸ் தாண்டியதும், கசங்கின ஜாக்கெட் போட்ட ஒருத்தர் வந்து ஏதோ கேட்டார். சற்று முன்னால்தான் ஒரு ஆள் பேப்பர் கப்பை நீட்டிச் சில்லறை கேட்டுவிட்டுப் போயிருந்தார். இவரும் அந்த ரகம் என்று நினைத்து, 20 சென்ட் காசை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன். எதிர் சீட்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அட்டையை இழுத்துக் காட்டினார் மனுஷன். செக்கர்! நம்ம ஊர் டி.டி.ஆர். மாதிரி கறுப்புக் கோட்டு போட்டு வந்தால் என்ன குறைந்துபோகும்?

டிக்கெட்தான் இருக்கே என்று கெத்தாக நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. பிளாட்பாரத்திலேயே ஒரு சின்னப் பெட்டி நிற்கும். அதில் செருகினால் ‘டக்’கென்று தேதியும் நேரமும் விழும். விழாதவரை அது வெறும் காகிதம். இல்லையென்றால் ஒரே டிக்கெட்டில் மாசம் பூரா ஓட்டிவிடுவோமே! அபராதம் 60 யூரோ. ரசீதைக் கொடுத்துவிட்டு, அந்த 20 சென்ட்டையும் மறக்காமல் திருப்பித் தந்தார்.

கோவைக்காரி:
அண்ணா, சிரிச்சு வயிறே வலிக்குதுங்க. எனக்குப் பாரிஸ் மெட்ரோவுல கதவு சதி பண்ணுச்சு. அங்க பழைய பெட்டிகள்ல கதவு தானா மூடிக்கும், தானா திறக்காதுங்க. கொக்கியைத் தூக்கி விடோணும். ரெண்டு சூட்கேஸோட கதவு முன்னாடி பவ்யமா நின்னுட்டே ரெண்டு ஸ்டேஷனைக் கோட்டை விட்டேன். அப்புறம் ஒரு ஸ்கூல் பையன் ஒத்தை விரல்ல தூக்கினான் பாருங்க.

மலைக்கோட்டை:
எனக்கு ஒசாகா. மிதோசுஜி லைன், உமேதாவில் ஏறினேன். மற்ற பெட்டியெல்லாம் பிதுங்குது, ஒன்று மட்டும் காற்றாட இருந்தது. அதிர்ஷ்டம்டா என்று உள்ளே போய் நின்றேன். சுற்றிலும் பெண்கள். ஜப்பானில் பெண்கள் பெட்டி காலை நெரிசலுக்குத்தான் என்று படித்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. இந்த லைனில் வேலை நாள் முழுக்க உண்டாம்.

நம்ம ஊர் லேடீஸ் கம்பார்ட்மென்ட் என்றால் ஏறின வேகத்தில் திட்டி இறக்கிவிட்டிருப்பார்கள். இங்கே ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. அதுதான் கொடுமை. ஷின்சாய்பாஷி வந்ததும் ஒரு பாட்டி, என் தோளுக்குப் பின்னால் கண்ணாடியை நகத்தால் மெல்லத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். ரோஸ் கலர் ஸ்டிக்கர், இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. இவ்வளவு நேரம் அதன் மேலேயே சாய்ந்து நின்றிருக்கிறேன்.