1972 ஆல்ஃபா 2000 ஜிடிவி: ஒன்றாம் கியரில் கரகர சத்தம், கியர் பெட்டியை இறக்கியே ஆகவேண்டுமா?

பேர்ன் தீபன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1972 ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடி வெலோச்சே இருக்கிறது, ஐந்து கியர் வண்டி. சிக்னலில் நின்று ஒன்றாம் கியர் போட்டால் 'கர்ர்' என்கிறது. சில நேரம் விழவே மாட்டேன் என்று அடம். மலைப்பாதையில் வளைவுக்கு முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் இன்னும் மோசம். இரண்டு முதல் ஐந்து வரை ஒரு குறையும் இல்லை. கராஜில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "முதல் கியர் சிங்க்ரோ ரிங் போய்விட்டது, பெட்டியை இறக்கிப் பிரிக்கவேண்டும்" என்கிறார்கள். கியர் விழுமுன் சுற்றும் பாகங்களின் வேகத்தைச் சமமாக்குகிற வளையமாம் அது. சொன்ன தொகையைக் கேட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. பிரிக்காமல் வழி உண்டா? போன வருடம் கியர் ஆயில் மாற்றினோம், தடிப்பு 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-5.

கோவை 1100:
தம்பி, எங்கள் ஃபியட் 1100-இல் ஒன்றாம் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது, அதனால் போவதற்கும் ஒன்றுமில்லை! இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டும்தான். உருளும்போது ஒன்று வேண்டுமென்றால் டபுள் கிளட்ச், அதாவது நடுவில் நியூட்ரலில் கிளட்சை விட்டு மறுபடி மிதிப்பது. தெரியாதவர்கள் நிறுத்திவிட்டுத்தான் போடவேண்டும். ஃபியட் 500-இல் எந்தக் கியருக்கும் கிடையாது. உங்கள் ஆல்ஃபாவில் ஐந்துக்கும் உண்டு என்று கேள்வி, விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பழைய ஸ்பானர்:
ஐந்துக்கும் உண்டு, ரிவர்ஸுக்கு மட்டும் இல்லை. அந்த ரிவர்ஸை வைத்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

தீபன், பெட்டியைத் தொடாதீர்கள். இந்தப் பெட்டிகளில் வழக்கமாக முதலில் போவது இரண்டாம் கியர் சிங்க்ரோதான். குளிர்ந்த ஆயிலில் இரண்டாவது கரகரக்காத பழைய ஆல்ஃபாவைப் பார்ப்பதே அபூர்வம். உங்களுக்கு இரண்டு சுத்தமாக இருந்து ஒன்று மட்டும் கத்துகிறது, அதுவும் நின்ற இடத்தில் கத்துகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் கிளட்ச் மேல்தான். பெடலை முழுக்க மிதித்தும் தட்டு ஃப்ளைவீலை விட்டு முழுசாக விலகாமல் இருக்கலாம். அப்போது பெட்டிக்குள் எஞ்சின் பக்கமிருக்கும் இன்புட் ஷாஃப்ட்டும், அது சுற்றுகிற லேஷாஃப்ட்டும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். சிங்க்ரோ அவற்றை நிறுத்தப் பார்க்கிறது, எஞ்சின் மறுபடி சுற்றிவிடுகிறது. பாவம் அது என்ன செய்யும்?

இதைச் செய்து பாருங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஐடிலில் விட்டு, கிளட்சை அடிவரை மிதித்துப் பத்து விநாடி காத்திருங்கள். அப்புறம் மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். கத்தினால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுசாக விடவில்லை என்று அர்த்தம். பெடலை வேகமாக இரண்டு முறை அடித்துவிட்டும் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் குறைந்தால் கோளாறு ஹைட்ராலிக்கில். கடைசியாக, எஞ்சினை அணைத்துவிட்டு ஒன்று போடுங்கள். அப்போதும் மாட்டினால் லிவர், அது நகர்த்தும் செலக்டர் பக்கம் பார்க்கவேண்டும்.

பேர்ன் தீபன்:
செய்தேன் ஐயா. காத்திருந்த பிறகும் ரிவர்ஸ் 'கர்ர்'. பெடலை அடித்துவிட்டுப் போட்டால் பாதி சத்தம்தான். எஞ்சின் அணைந்திருந்தால் எல்லாக் கியரும் இலகுவாக விழுகிறது. இன்னொன்றும் கவனித்தேன்: நின்ற இடத்தில் முதலில் லிவரை இரண்டுக்குத் தள்ளிவிட்டு அப்புறம் ஒன்று போட்டால் பெரும்பாலும் சத்தமே இல்லை. இது ஏன்?

பழைய ஸ்பானர்:
அது ஆல்ஃபாக்காரர்களின் பழைய தந்திரம். ஒன்றின் விகிதம் 3.30, இரண்டின் விகிதம் 1.99. சுற்றும் அதே ஷாஃப்ட்டை அதே நேரத்தில் நிறுத்த, ஒன்றாம் கியர் ரிங் இரண்டாவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாடுபடவேண்டும். இரண்டைத் தொட்டால் சுலபமாக நின்றுவிடும், நின்ற ஷாஃப்ட்டில் ஒன்று தானாக விழும். அவசரத்துக்கு நல்லது, ஆனால் நோயைத் தீர்க்காது. இரண்டாவது ரிங்கையும் சேர்த்துத் தேய்க்கும்.

உங்கள் வண்டிக்கு ஹைட்ராலிக் கிளட்ச். பெட்டிப் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் கசிவு. ஒருவரை மிதிக்கச் சொல்லி, சிலிண்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், பழையதென்றால் வீங்கும். அந்த வீக்கத்திலேயே பாதி மிதி போய்விடும். இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால்தான் கிராங்க் நுனியில் உள்ள பைலட் புஷ், தட்டின் ஸ்ப்ளைன் துரு என்று உள்ளே போகவேண்டும்.

பேர்ன் தீபன்:
உறைக்குள் ஈரம், ஹோஸும் வீங்கியது! ஸ்லேவ் சிலிண்டர், ஹோஸ், பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் புதிதாகப் போட்டு, காற்றெடுத்தாயிற்று. இப்போது ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. நின்ற இடத்தில் ஒன்றாம் கியரும் அப்படியே. ஆனால் உருளும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்கினால் மட்டும் இன்னும் அதே கர்ர், சூடான பிறகும். ஆயிலை மாற்றினால் போகுமா? ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும் என்கிறார்களே?

பழைய ஸ்பானர்:
பித்தளைக் கதை உங்கள் பெட்டிக்குப் பொருந்தாது. இது போர்ஷே வகை சிங்க்ரோ. போர்ஷே தன் 356-இல் 1952-இல் கொண்டுவந்ததைத்தான் ஆல்ஃபா எடுத்துக்கொண்டது. கூம்பு வடிவப் பித்தளை ரிங் இதில் இல்லை. ஒரு பக்கம் வெட்டுவிட்ட எஃகு ரிங். அதற்குள்ளே சிறு கட்டைகளும் வளைந்த பட்டைகளும், எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள ஒரு சர்க்ளிப். கியரைப் பூட்டும் ஸ்லீவ் வந்து உரசும்போது ரிங் சற்றுத் திரும்பி, உள்ளே இருக்கும் பட்டையை அழுத்தும். பட்டை ரிங்கை வெளிப்பக்கம் விரிக்கும். வேகம் சமமாகும் வரை அந்த விரிப்புதான் ஸ்லீவை உள்ளே விடாது. எல்லாமே உராய்வை நம்பி நடக்கிற வேலை. ஜிஎல்-5 ஆயிலின் சேர்மானங்கள் அந்த உராய்வைக் குறைத்துவிடும், அதுதான் இங்கே பிரச்சினை. லிமிடெட் ஸ்லிப் ஆக்சிலுக்கான ஆயில் என்றால் இன்னும் கெடுதல். ஜிஎல்-4 ஊற்றுங்கள், கொஞ்சம் குணம் தெரியும். ஆனால் தேய்ந்த ரிங் ஆயிலால் வளராது.

உங்கள் வண்டியில் ஒன்றாம் கியர் ரிங் மட்டும் தேய்ந்ததற்குக் காரணமும் இப்போது புரிகிறது. கிளட்ச் இழுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ரிங் எஞ்சினோடு மல்லுக்கட்டியிருக்கிறது. கிளட்சைப் பார்க்காமல் பெட்டியைப் பிரித்துப் புது ரிங் போட்டிருந்தால் அதையும் தின்றிருக்கும்.

கோவை 1100:
பெட்டியைப் பிரிக்கும்வரை எங்கள் டபுள் கிளட்ச் வைத்தியம்தான்! இரண்டில் 1500 சுற்றில் உருள்கிறீர்கள் என்றால் ஒன்றுக்கு ஏறக்குறைய 2500 வேண்டும். கிளட்ச் மிதி, நியூட்ரல், கிளட்சை விடு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதி, ஒன்று. கைவந்தால் சிங்க்ரோ இல்லாமலே காலம் தள்ளலாம்.

மிலான் வாசி:
நானும் இதே பெட்டியைப் பிரித்துக் கட்டியவன், கொஞ்சம் சேர்க்கிறேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒரே ஸ்லீவ். மெயின் ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் ஒன்றின் ரிங்கைத் தொடமுடியும், எனவே இரண்டின் ரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள். ரிங்கை மட்டும் வாங்காதீர்கள். பட்டை, கட்டை, சர்க்ளிப் எல்லாம் சேர்த்து வாங்குங்கள். ஸ்லீவின் உள்பக்கம் வரிவரியாகக் கீறியிருந்தால் அதையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் புது ரிங் சீக்கிரம் தேயும். ஸ்லீவ் பூட்டிக்கொள்ளும் கியரின் டாக் பற்கள் முனை மழுங்கியிருந்தால்தான் செலவு எகிறும், அதைத் திறந்தால்தான் தெரியும்.

பெட்டியை இறக்கும் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் முன் ரப்பர் கப்ளிங்கைச் சுற்றி ஒரு பெரிய கிளிப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். அப்படியே கழற்றினால் விரிந்துகொள்ளும், திரும்ப மாட்டுவதற்குள் உயிர் போகும். செலக்டர் ராடுகளை உருவும்போது ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்து ஓடும், ஒரு துணியை மேலே போட்டு உருவுங்கள்.

பேர்ன் தீபன்:
மிக்க நன்றி. பனிக்காலத்தில் வண்டி எப்படியும் உள்ளேதான் நிற்கும், அப்போது இறக்குகிறேன். ஒரு கேள்வி மட்டும்: 2000 ஸ்பைடரிலிருந்து கழற்றிய பழைய பெட்டி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. அதை வாங்கி அப்படியே மாட்டிவிட்டால்?

மிலான் வாசி:
வண்டியில் ஓட்டிப் பார்க்காமல் சிங்க்ரோவைச் சோதிக்க வழியில்லை, மேசையில் வைத்துக் கையால் சுற்றினால் எல்லாமே நல்ல பெட்டிதான். உதிரிபாகத்துக்கு என்று மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், டாக் பற்கள் நல்லதாக இருந்தால் கியரையே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்பானர்:
அதற்கும் அவசரம் வேண்டாம். முதலில் ஜிஎல்-4 ஊற்றி ஓட்டுங்கள். பிரித்ததும் உங்கள் ஸ்லீவின் உள்பக்கத்தையும் ஒன்றாம் கியரின் பற்களையும் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு எதெல்லாம் ஆர்டர் செய்யவேண்டும் என்று சொல்கிறேன்.