தசை மின்பதிவை எதோடு ஒப்பிடுவது? கணுக்கால் ஆய்வுக்கு உதவி தேவை

வணக்கம். அடிக்கடி கணுக்கால் பிசகும் விளையாட்டு வீரர்களின் கால் தசைகள் சமநிலைச் சோதனையின்போது எப்படி இயங்குகின்றன என்று அளந்துவருகிறேன். தசை இயங்கும்போது எழும் மின்சமிக்ஞையைத் தோலின் மேலிருந்து பதிவுசெய்யும் தசை மின்பதிவில் (EMG) அனுபவமுள்ள இயன்முறை மருத்துவர்கள் வழிகாட்ட வேண்டும்.

ஒற்றைக் காலில் நின்று மறுகாலை மூன்று திசைகளில் நீட்டும் ஒய் சமநிலைச் சோதனையைப் பயன்படுத்துகிறேன். எட்டிய தூரத்தைக் கால் நீளத்தால் வகுத்துவிடுவதால் அதில் குழப்பமில்லை. மின்பதிவில்தான் சிக்கல். பாதத்தை வெளிப்புறம் திருப்பும் பெரோனியஸ் லாங்கஸ் தசையின் இயக்கத்தை, அதிகபட்ச முயற்சியில் கிடைக்கும் அளவின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். ஆனால் பிசகிய கணுக்காலை முழு வலிமையோடு திருப்பப் பலர் தயங்குகிறார்கள். வகுக்கும் எண் சிறுத்தால் சதவீதம் பெருத்துவிடும். அதிகம் உழைக்காத தசையும் கடுமையாக உழைப்பதுபோல் தோன்றும். அந்த எண்ணை நம்பித்தானே ஒருவருக்குப் பயிற்சி வகுப்பார்கள்? இந்த ஐயத்தை வைத்துக்கொண்டு முடிவெழுத எனக்கு மனம் வரவில்லை.

சோதனையின்போதே கிடைக்கும் உச்ச அளவை அடிப்படையாகக் கொள்ளலாமா? அப்படிச் செய்தால், காயமற்றவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடே மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இன்னொன்று: மின்முனைகளை, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள ஃபிபுலா எலும்பின் தலையிலிருந்து வெளிக்கணுக்கால் வரையிலான கோட்டில், மேலிருந்து 25 சதவீதத் தொலைவில், 20 மி.மீ. இடைவெளியில் ஒட்டுகிறேன். அப்படியும் பக்கத்துத் தசைகளின் சமிக்ஞை கலக்கிறதோ என்ற சந்தேகம் இருக்கிறது. இதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? நீங்கள் கையாண்ட முறையையும், அதில் பட்ட சிரமத்தையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.