ஊருக்குப் போகிறவர்களின் ஆடு, மாடு, நாய்களைப் பார்த்துக்கொள்வதையே தொழிலாக எடுக்கலாமா?

தென்னந்தோப்பு:
வணக்கம். பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமம், வயது 27. கோவையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து மாமா மகளின் வளைகாப்புக்காகப் பெங்களூர் போனார். அவருடைய மூன்று மாடுகளையும் ஒரு நாயையும் ஐந்து நாள் நான்தான் பார்த்தேன். வந்ததும் 2,000 ரூபாய் கையில் திணித்தார்.

எங்கள் பக்கம் பிள்ளைகள் எல்லாம் வெளியூர். தோட்டத்தில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. ஒரு கல்யாணம் என்றால்கூட ஒருத்தர் போக, இன்னொருத்தர் மாட்டுக்காக நின்றுவிடுகிறார். இதையே தொழிலாகச் செய்யலாம் என்று தோன்றுகிறது. எனக்குக் கறக்கத் தெரியும். வேறு என்ன தெரிய வேண்டும்? காசு எப்படிக் கேட்பது?

கட்டுத்தரை:
தம்பி, நான் கோபி பக்கம். ஆறு வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன். தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்களுக்குக் கறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, உங்கள் கைக்கு மாடு பால் விட வேண்டும்.

முதல் வருஷம் ஒரு வீட்டில் காசிக்குப் போனார்கள், ஒன்பது நாள். காலையில் சாவியை வாங்கிக்கொண்டு சாயங்காலமே கறக்க உட்கார்ந்துவிட்டேன். வேளைக்கு ஏழு லிட்டர் கொடுக்கிற ஜெர்சி, ஒன்றரை லிட்டரோடு அடக்கிக்கொண்டது. கன்றை ஊட்ட விட்டும் பெரிதாக மாற்றமில்லை. மூன்றாம் நாள் மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகி, பால் திரி திரியாக வந்தது. மடிநோய். டாக்டர் வந்து நான்கு நாள் ஊசி போட்டார். அந்த வீட்டில் நான் கூலி வாங்கவில்லை, வாங்க மனசு வரவில்லை.

அப்புறம் டாக்டர்தான் விளக்கினார். பழகிய கையும் பழகிய சத்தமும் இருந்தால்தான் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். அதன் வேகம் சில நிமிஷம்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் என்ற பயத்தில் சுரக்கிற ஹார்மோன் வந்து அதையும் தடுத்துவிடும்.

அதிலிருந்து அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே போய்விடுகிறேன். முதல் வேளை வீட்டுக்காரம்மா கறப்பார், நான் தீனி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். அடுத்த வேளை நான் கறப்பேன், அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். எந்தப் பக்கம் உட்காருகிறார், எந்தக் காம்பில் ஆரம்பிக்கிறார், மாட்டை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், எத்தனை மணிக்குத் தண்ணி காட்டுகிறார், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த இரண்டு நாளுக்கும் கூலி உண்டு. ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு நான் போவதில்லை. நீங்களும் போகாதீர்கள்.

தீனியை மாற்றவே கூடாது. பக்கத்து வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய சோற்றைப் பாசத்தோடு கொண்டுவந்து கொட்டுவார்கள், கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நிறையச் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி உயிரே போகும். பூக்காத இளஞ்சோளப் பயிரையும் அறுத்துப் போடாதீர்கள், அதில் சயனைடு விஷம் இருக்கும். மழை இல்லாமல் வாடிய பயிர் இன்னும் மோசம்.

ராஜபாளையம்காரன்:
அக்கா மாட்டைச் சொல்லிவிட்டார், நான் நாயைச் சொல்கிறேன். தோட்டத்துக் காவல் நாய் வேற்றாள் கையில் சாப்பிடாது. வீட்டுக்காரர் இருக்கும்போதே இரண்டு மூன்று வேளை உங்கள் கையால் சோறு வையுங்கள். அவர் கட்டிய பழைய லுங்கி ஒன்றை நாய் படுக்கிற இடத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அவர் போன முதல் நாள் எக்காரணத்துக்கும் சங்கிலியை அவிழ்த்துவிடாதீர்கள், அவரைத் தேடி ரோட்டுக்கு ஓடிவிடும்.

இன்னொன்று, இந்தத் தொழிலுக்கு வருகிறவர் கடிபடுவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ணி, 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி. பிறகு கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் முதலிலேயே போட்டவருக்கு 0, 3ஆம் நாள் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும்.

பவானிக்கரை:
எனக்கு 68 வயது. அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போவோம், அவர்கள் போனால் நாங்கள் பார்ப்போம். காசு என்ற பேச்சே கிடையாது. இப்போது பக்கத்துத் தோட்டத்தில் ஆளே இல்லை. போன வருஷம் பேத்தியின் காதுகுத்துக்கு நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து போனோம், பதினோரு வருஷத்துக்கு அப்புறம். ஒரு பையன் தினமும் மாடுகளை வீடியோ எடுத்து அனுப்பினான். கூச்சப்படாமல் கூலி கேளுங்கள் தம்பி, நாங்கள் கொடுப்போம்.

தென்னந்தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்? அப்புறம், ஒரு வீட்டில் ஒன்பது மாதச் சினை மாடு இருக்கிறது, அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

கட்டுத்தரை:
இரண்டு கறவை, ஒரு நாய் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் வாங்குகிறேன். பால் சொசைட்டியில் அவர்கள் கணக்கிலேயே ஊற்றிவிடுவேன், அந்தக் காசில் கை வைப்பதில்லை. போகும் முன் ஒவ்வொரு மாட்டின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் போட்ட மாடு செத்தால் அந்த வில்லை இல்லாமல் பணம் வராது.

சினை மாட்டுக்கு, கன்று போடுவதை இதுவரை பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்றால் இந்த முறை வேண்டாம், தம்பி. பார்த்திருந்தால் போங்கள். ஆனால் அந்த ஊர்க் கால்நடை டாக்டரை முதல் நாளே நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-உம் போனில் இருக்கட்டும். வாலின் இரண்டு பக்கமும் குழி விழுந்து, மடி இறுகிவிட்டால் நேரம் நெருங்கிவிட்டது. பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வரவில்லை என்றால் நீங்களாக இழுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். 12 மணி நேரத்துக்கு மேலும் நஞ்சுக்கொடி விழாமல் தொங்கினாலும் அப்படித்தான். எது விழுந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை ஒரு பெட்டி இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.