பொருள்: ‘டார்ப்பர்’ – தமிழில் ஒரு சொல் தேவை (திங்களுக்குள்)

காட்பாடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி விலங்கியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பைத் திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

குளிர்காலம் முழுவதும் வளைக்குள் கிடக்கும் ஆர்க்டிக் தரை அணிலின் உடல் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரைகூடக் குளிர்ந்துவிடுகிறது. இரண்டு, மூன்று வாரம் அப்படியே கிடந்து, தானாகச் சூடேறி, ஒரு நாளுக்கும் குறைவாக அந்தச் சூட்டில் இருந்துவிட்டு மறுபடி அடங்குகிறது. பருவம் முழுவதற்கும் ‘குளிர்கால உறக்கம்’ என்கிறோம். இடையிடையே வரும் அந்த அடங்கிய நிலையை ஆங்கிலத்தில் ‘டார்ப்பர்’ என்கிறார்கள். தமிழில் அதற்குப் பெயர் என்ன?

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “அம்மா, என் தம்பிக்கு ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். பிரித்தபோது அந்தக் கெண்டைக்கால் குச்சியாகியிருந்தது. மாதக்கணக்கில் அசையாத அணிலுக்கு மட்டும் தசை ஏன் தேயவில்லை?” அவளுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். உடல் குளிர்ந்திருக்கையில் மரபணுப் படியெடுத்தல், அதாவது மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பது, பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பருவத்தில் எல்லா மரபணுக்களும் தணிவதில்லை. பி.டி.கே.4 என்ற மரபணுவின் செயல்பாடு ஓங்கி, தசை எரிக்கும் எரிபொருளைச் சர்க்கரையிலிருந்து கொழுப்புக்குத் திருப்புகிறது. தரை அணிலின் தசை தேயாமல் இருப்பதில் எஸ்.ஜி.கே.1 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு.

குடியாத்தத்திலிருந்து:

அம்மா, வெளியே தேடுவானேன்? நம் பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் பெருமாள் கிடப்பது அறிதுயில். உடல் கிடக்கிறது, உள்ளே அறிவு விழித்திருக்கிறது. நீங்கள் சொல்லும் மரபணுவும் அதைத்தானே செய்கிறது?

‘மடி’ என்ற வேரையும் பாருங்கள். உடல் மடங்கினாலும் மடி, சோம்பினாலும் மடி, உயிர் போனாலும் மடிதல். மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது உங்கள் அணில். ஆனாலும் மாணவர்கள் பசுவின் மடியைத்தான் முதலில் நினைப்பார்கள் என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

ஆற்காட்டிலிருந்து:

ஐயா, அறிதுயிலை ஹிப்னாடிசத்துக்கு உளவியலார் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலும் இது துயிலே அன்று. உடல் சூடேறி வந்த பிறகுதான் தரை அணில் ஆழ்ந்து உறங்குகிறது. பட்ட உறக்கக் கடனை அடைப்பதுபோல.

‘ஒடுக்கம்’ என்று வையுங்கள். “ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.” பாயப்போகும் கடா பின்னே கால் வாங்குவதை ஒடுக்கத்துக்கு உவமையாக்குகிறார் வள்ளுவர். குறள் வருவதும் காலமறிதல் அதிகாரத்தில். பருவம் பார்த்து அடங்கி, எழுந்து ஓடத் தசையையும் காத்து வைக்கும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

நான் வேதியியல் நடத்துகிறவன். ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர் வினை ஒடுக்கம் என்று பத்தாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அம்மாவின் அதே பக்கத்தில் கொழுப்பின் ஆக்சிஜனேற்றமும் வரும். மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? பஸ்ஸும் டிக்கெட்டும் தமிழாகிவிட்டன, டார்ப்பரும் ஆகட்டும். புரிவதுதான் முதல் தேவை, தூய்மை அப்புறம்.

ஆற்காட்டிலிருந்து:

தடை நியாயமானது. உங்கள் ஒடுக்கம் ‘ஒடுக்கு’ என்ற பிறவினையிலிருந்து வந்தது. குறளின் ஒடுக்கம் ‘ஒடுங்கு’ என்ற தன்வினையிலிருந்து. அடங்கு – அடக்கம் போல. தன்வினையை வெளிப்படையாக வைத்து ‘ஒடுங்குநிலை’ என்று வினைத்தொகையாக்கினால் குழப்பம் தீரும். டார்ப்பர் என்று மட்டும் அச்சிட்டால், மாவுக்கட்டைப் பற்றிக் கேட்ட பெண் அந்தச் சொல்லை மனப்பாடம்தான் செய்ய முடியும். ஒடுங்குதல் அவள் வீட்டில் புழங்கும் சொல்.

காட்பாடியிலிருந்து:

இரவு மணி பதினொன்று. ஒடுங்குநிலை என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் டார்ப்பரையும் சேர்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

குடியாத்தத்திலிருந்து:

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. குளிர்கால உறக்கத்தில் கருங்கரடியின் உடல்வெப்பம் சில டிகிரிதான் இறங்குகிறது. தசையில் புரதம் கட்டும் மரபணுக்கள் அப்போது ஓங்கவே செய்கின்றன. அந்தக் கரடியை ஒடுங்கியது என்பீர்களா, துயில்கிறது என்பீர்களா?