டால்ஸ்டாய் இறந்தது பிளாட்பாரத்திலா?

ஓரெழுத்து: "மகிழ்ச்சியைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்த டால்ஸ்டாய் கடைசியில் ரயில்வே பிளாட்பாரத்தில் அநாதையாகச் செத்தார். அவர் சொல்லியா நாம் வாழணும்?" என்று கோடையிடி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. பிளாட்பாரமே இல்லை ஐயா! ரயிலில் போகும்போது காய்ச்சல் கண்டது. அஸ்தபோவோ என்ற நிலையத்தில் இறக்கினார்கள். நிலைய அதிகாரி ஓசோலின் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அங்கே கட்டிலில், மருத்துவர்களும் மகள் அலெக்சாந்திராவும் கவனித்துக்கொள்ள, நிமோனியாவில் இறந்தார். 1910.

கோடையிடி: வீடானால் என்ன, பிளாட்பாரமானால் என்ன? 82 வயதில் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய மனுஷன். 48 வருஷம் குடித்தனம் நடத்தி 13 பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கடிதம்தான் மிச்சம்.

ஓரெழுத்து: அதையும் பேசலாம். முதலில் பிளாட்பாரம் தப்பு என்று சொல்லுங்கள்.

வேம்பு: அந்த மனைவி சோஃபியாவை மறந்தே போனீர்களே. தனி ரயிலில் வந்து, அந்தப் பெட்டியிலேயே தங்கி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் அவர். கணவருக்கு நினைவு தப்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். 34 வயதுக்காரர், தன் பழைய சகவாசமெல்லாம் எழுதிய டைரியைக் கல்யாணத்துக்கு முன் 18 வயதுப் பெண்ணிடம் நீட்டினார். இதற்குப் பெயர் நேர்மையாம்!

கோடையிடி: ஆக, ரயிலும் நிலையமும் உண்டு. நன்றி வேம்பு.

ஓரெழுத்து: அது சோஃபியா வந்த ரயில்! எப்போதும் இதே வேலைதான் உங்களுக்கு. தஸ்தயெவ்ஸ்கி பற்றிப் பேசியபோதும், 'சூதாடி' நாவலை மனைவி அன்னாவுக்குச் சொல்லி எழுதவைத்தார் என்று சாதித்தீர்கள். 1866இல் அன்னா அவருக்குச் சுருக்கெழுத்தாளர் மட்டும்தான். கல்யாணம் அடுத்த வருஷம். இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

மேசைவிளக்கு: நாவல்களை யாராவது படித்தீர்களா? டால்ஸ்டாய் தனக்குக் கல்யாணம் ஆவதற்கு 3 வருஷம் முன்பே, 1859இல், 'குடும்ப மகிழ்ச்சி' எழுதிவிட்டார். காதலின் வேகம் அடங்கி, குழந்தைகள் மேலும் அவர்களின் தகப்பன் மேலும் வைக்கிற பாசமாக அது மாறுகிற கதை. 'அன்னா கரீனினா'வில் லெவினைப் பாருங்கள். ஆசைப்பட்டவளையே கட்டினான், பிள்ளை பிறந்தது, நிலம் நீச்சுக்கும் குறைவில்லை. ஆனாலும் தூக்குப் போட்டுக்கொண்டுவிடுவோமோ என்று கயிற்றை ஒளித்துவைக்கிறான். துப்பாக்கியோடு வெளியே போகவே பயப்படுகிறான். எல்லாம் கிடைத்தவனுக்கும் ஏன் போதவில்லை என்று கேட்டவரிடம் போய், நீ சந்தோஷமாகச் செத்தாயா என்று கேட்பது என்ன நியாயம்?

கோடையிடி: வாங்க பேராசிரியரே. லெவின் புல் அறுக்கிற இடத்திலேயே நான் தூங்கிவிட்டேன்.

வேம்பு: அந்த நாவலிலேயே ஒருவன் தன்னை மறந்து சந்தோஷமாக இருக்கிற இடம் அதுதான். அதில் தூங்கினவர் மகிழ்ச்சியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வந்துவிட்டார்.

கோடையிடி: சோஃபியாவுக்காக அழுததும் நீங்கள்தான், இப்போது புல்லுக்கு உருகுவதும் நீங்கள்தான். எந்தக் கட்சி?

வேம்பு: உங்கள் கட்சி இல்லை. அது போதும்.

ஓரெழுத்து: புல் இருக்கட்டும். கயிறும் இருக்கட்டும். பிளாட்பாரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோடையிடி: நிலைய அதிகாரியின் வீடு நிலையத்தை ஒட்டித்தானே இருக்கும்? அப்போது ரயில் நிலையத்தில் செத்தார் என்பது சரிதானே?

ஓரெழுத்து: நீங்கள் எழுதியது 'நிலையம்' இல்லை, 'பிளாட்பாரம்'. 'அநாதையாக' என்றும் எழுதினீர்கள். மகள் பக்கத்திலிருந்த அநாதையா? அதற்கும் பதில் வேண்டும்.

மேசைவிளக்கு: லெவினைப் பற்றி ஒருவரும் பேசப்போவதில்லை, அப்படித்தானே?

ஓரெழுத்து: குறுக்கே வராதீர்கள். கோடையிடி, பிளாட்பாரம்?