ரேட்ஸ் பட்டியலில் காட்டுக்கென்று ஒரு வரி: அந்தப் பணம் எங்கே போகிறது?

கேள்வி (பிரிஸ்பேன், புதிய குடியேறி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டுதான் பிரிஸ்பேனின் தென்பகுதியில் சிறிய வீடொன்று வாங்கினோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாநகராட்சி அனுப்பும் ரேட்ஸ் (சொத்துவரி) பட்டியலை இந்த முறை வரிவரியாகப் படித்தபோது, பொது வரி, குப்பைக் கட்டணம் ஆகியவற்றுக்கு நடுவே ‘புஷ்லேண்ட் பிரிசர்வேஷன் லெவி’ (காட்டுநிலப் பாதுகாப்புக்கான தனி வரி) என்ற பெயரில் சிறு தொகை ஒன்று தனியாகப் போடப்பட்டிருப்பதைக் கவனித்தேன். தொகையைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் ஊரில் சொத்துவரியோடு நூலக வரியையும் வசூலித்துவிட்டு, அதை உரிய காலத்தில் நூலகத்துறைக்குச் செலுத்தாமல் உள்ளாட்சிகள் நிலுவை வைத்திருக்கும் செய்திகளைப் படித்தே வளர்ந்தவன் நான். காட்டுக்கென்று வாங்கும் பணம் காட்டுக்குத்தான் போகிறதா? பொது வரியிலிருந்தே செலவழித்தால் ஆகாதா?

மறுமொழி (பிரிஸ்பேன், இருபது ஆண்டுகளாக)

உங்கள் ஐயம் நியாயமானதே. இந்த லெவி 1990-இல் தொடங்கியது. நகரம் விரிய விரியக் காடுகள் மனைகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. தனியார் கையில் இருந்த நிலத்தை விற்பனைக்கு வரும்போதே வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அடிப்படை நோக்கம். பொது வரியை நம்பியிருந்தால், சாலையும் வடிகாலும் கேட்கும் பணத்தோடு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் காடு போட்டிபோட வேண்டியிருக்கும். அந்தப் போட்டியில் காடு எப்போதும் கடைசியில்தான் நிற்கும். ஆண்டுதோறும் வருமென்று தெரிந்த தொகை கையில் இருந்தால்தான் நில உரிமையாளரிடம் பேரம் பேசவே முடியும்.

நம் மாநிலமான குவீன்ஸ்லாந்தின் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் பயன்தரும் வேலைக்கு அந்தப் பகுதி நில உரிமையாளர்களிடம் மட்டும் வாங்குவது ஒன்று. நகரம் முழுவதற்குமான வேலைக்கு வரி செலுத்தும் எல்லா நிலங்களிடமும் வாங்குவது மற்றொன்று. நம்முடையது இரண்டாம் வகை. காட்டோரத்தில் குடியிருப்பவரும், நகர மையத்தில் பதினைந்தாவது மாடியில் குடியிருப்பவரும் கட்டத்தான் வேண்டும். பிரிஸ்பேனில் இது நிலத்தின் மதிப்பைப் பொறுத்துக் கூடும். சன்ஷைன் கோஸ்ட்டிலோ எல்லாச் சொத்துக்கும் ஒரே தொகை. எளிமையானதுதான், ஆனால் மாளிகைக்காரருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் ஒரே சுமை என்பது எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே கரவாத்தா காடு இருக்கிறது, சுமார் 900 ஹெக்டேர். அதைக் காப்பாற்ற மக்கள் நடத்திய போராட்டத்தோடு இந்த லெவிப் பணமும் சேர்ந்ததால்தான் அது இன்று காடாக நிற்கிறது. (பக்கத்தில் காம்ப்டன் சாலைக்கு மேலே வால்லபிகள் (சிறிய கங்காரு வகை) கடப்பதற்காக மரம் வளர்த்த பாலம் ஒன்று இருக்கிறதே, அது சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் கட்டியது, லெவிக் கணக்கில் சேராது.)

மறுமொழி (சிட்னி வடபகுதி)

நியூ சவுத் வேல்ஸில் நிலைமை வேறு. இங்கே ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வரியை உயர்த்தலாம் என்பதற்கு 1977 முதல் மாநில அளவில் வரம்பு உண்டு. அதைத் தாண்ட விரும்பும் கவுன்சில், மக்களின் கருத்தைக் கேட்டு, காரணங்களோடு ஐபார்ட் என்னும் விலை ஒழுங்குமுறை ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் வடபகுதியிலுள்ள கூரிங்காய் கவுன்சில் 2005-இல் 5 சதவீதச் சுற்றுச்சூழல் லெவியைக் கால வரம்போடுதான் தொடங்கியது; 2019-இல்தான் அது நிரந்தரமாயிற்று. என்னைக் கேட்டால் பழைய முறையே மேல். கெடு முடியும்போதெல்லாம், எந்த ஓடையைச் சீர்செய்தோம், மிச்சமிருக்கும் புளூகம் (ஒரு யூகலிப்டஸ் வகை) காட்டில் எத்தனை இடத்தில் களையெடுத்தோம் என்று கவுன்சில் மக்கள் முன் கணக்கோடு வந்து நிற்க வேண்டியிருந்தது.

இதில் உண்மையான ஆபத்து திருட்டு அன்று, மாற்றிவைத்தல். காட்டுக்காக ஏற்கெனவே பொது வரியிலிருந்து போய்க்கொண்டிருந்த தொகையைச் சத்தமில்லாமல் குறைத்துவிட்டு அந்த இடத்தில் லெவிப் பணத்தை வைத்தால், லெவி முழுவதும் காட்டுக்கே செலவானதாகக் கணக்கு சரியாகவே காட்டும். காட்டுக்குக் கூடுதலாக ஒரு காசும் போயிருக்காது. ஆகவே லெவிக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். பூங்கா, இயற்கைப் பகுதிப் பராமரிப்புக்கான பொதுச் செலவு ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் போகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுமொழி (ஆக்லாந்து)

எங்கள் ஊரிலும் 2018 முதல் இயற்கைச் சூழலுக்கென்று தனி வரி வாங்குகிறார்கள், பத்தாண்டுகளில் 31.1 கோடி நியூசிலாந்து டாலர் திரட்டுவது என்பதே அன்றைய திட்டம். இந்நாட்டுக்கே உரிய கவுரி மரங்களின் வேரை அழுகச்செய்யும் நோய் மண்ணோடு ஒட்டிப் பரவுவதால், வைட்டாக்கரே மலைப் பாதைகள் பலவற்றை மூடிச் சீரமைக்க வேண்டியதாயிற்று. பாதை முகப்பில் நின்று காலணியின் அடியைத் தூரிகையால் தேய்த்து, மருந்து தெளித்துக்கொண்டுதான் உள்ளே போகிறோம். என் மகன் அந்தத் தூரிகையைப் பார்த்தால், “இதுக்குத்தானேப்பா நாம வரி கட்டுறோம்?” என்பான். கண்ணுக்குத் தெரியும் செலவாக இருந்தால் வரி கட்டுவதில் மனவருத்தம் குறைவுதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒரு ஐயம்: வாங்க வேண்டிய நிலத்தையெல்லாம் வாங்கி முடித்த பிறகு லெவி நின்றுவிடுமா?

மறுமொழி (பிரிஸ்பேன், இருபது ஆண்டுகளாக)

நிற்காது, நிற்கவும் கூடாது. நிலத்தை ஒருமுறை வாங்கினால் போதும், ஆனால் களை ஒவ்வொரு மழைக்கும் வரும். நம் ஊரில் உண்ணிச்செடி என்போமே, அந்த லாண்டானாதான் இங்கேயும் தலைவலி. தண்டை வெட்டிவிட்டால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பழத்தைத் தின்னும் பறவை விதையை அடுத்த சரிவில் போட்டுவிடும். ஓடைக்கரையில் எங்கள் தன்னார்வக் குழு நான்கு ஆண்டுகள் வேலை செய்து சுத்தம் செய்தது ஒரு டென்னிஸ் மைதான அளவு இடத்தைத்தான். லெவி வெறும் நிலக்கிரயமாக இருந்திருந்தால், வாங்கிய காடெல்லாம் இந்நேரம் உண்ணிக்காடாகத்தான் இருக்கும்.

நேரமிருந்தால் ஒரு சனிக்கிழமை காலை நீங்களே வந்து பாருங்கள். கையுறை குழுவிலேயே கொடுப்பார்கள். முழுக்கைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்தச் செடியின் முள் சட்டைக்கு மேலேயே கீறும்.